தாமிரபரணியின் கடைமடைக்கு வருகிறவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பொதிகை மலையில் புறப்படும் தாமிரபரணி 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டினால் அதன் கடைமடை. ஆற்றை ஒட்டி வாழையும் நெல்லும் வெற்றிலைக் கொடிக்காலும் பச்சையாக நிற்கும். கொஞ்சம் தெற்கே விலகினால் தேரி என்னும் செக்கச்சிவந்த மணல்காடும் பனங்காடும். கடல் நெருங்க நெருங்க உப்பளம்.

இவ்வளவும் இருந்தும், தூத்துக்குடியிலிருந்து வரும் கார்கள் எங்கள் முத்தையாபுரத்தைத் தாண்டினால் திருச்செந்தூர்க் கோயில் வாசலில்தான் நிற்கின்றன. முருகனைக் கும்பிட்டுவிட்டு, கடலில் கால் நனைத்து, கடைத்தெருவில் ஒரு பொட்டலம் கருப்பட்டி வாங்கிக்கொண்டு வந்த சாலையிலேயே திரும்பிவிடுகிறார்கள். நடுவே பாலத்தில் தாண்டிய ஆறு எந்த ஆறு என்றுகூடப் பலர் கேட்பதில்லை.

பிரான்சில் லுவார் ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் இப்படித் திரும்புவதில்லை. 2000-ல் யுனெஸ்கோ அந்தப் பள்ளத்தாக்கை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆற்றை ஒட்டிச் சுமார் 900 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை இருக்கிறது. திராட்சை பறிக்கும் மாதத்தைக் கணக்குப் பார்த்துப் போய், தோட்டக்காரரின் நிலவறையிலேயே நின்று ருசி பார்த்து, அவர் கையில் காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள். நமக்கும் ஆறு இருக்கிறது, இந்த மண்ணுக்கே உரிய பானமாகப் பதநீர் இருக்கிறது, அந்தப் பானத்துக்கு ஒரு பருவமும் ஒரு நேரமும் இருக்கின்றன. அந்த நேரத்துக்குத் தங்களை ஒத்துவைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்தக் கடைமடை எதையும் ஒளிக்காது.

செய்ய வேண்டியவை

பருவம் பார்த்து வாருங்கள். பதநீர் வேண்டுமென்றால் பங்குனி முதல் ஆடி வரை. நுங்குக்குச் சித்திரை, வைகாசி. பனங்கிழங்குக்குத் தை. நீர்ப்பறவைகளும் நிறைந்த குளங்களும் பார்க்க டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. பதநீரையும் பறவையையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பாளை விடும் காலத்தில் குளங்கள் வற்றத் தொடங்கியிருக்கும். முதல்முறை வருகிறவர்களுக்கு நான் சொல்வது பங்குனிதான். பதநீர் இறங்கத் தொடங்கியிருக்கும், காலை வெயிலும் இன்னும் கடுமையாகியிருக்காது.

விடியும்போது பனங்காட்டில் இருங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். உடன்குடி, பரமன்குறிச்சி, காயாமொழி, சாத்தான்குளம் பக்கமெல்லாம் பனைதான். பனையேறி விடியுமுன்னே மரத்தில் இருப்பார். இடுப்பில் அரிவாள் பெட்டி, அதில் பாளை அரிவாள். முந்தின நாள் மாலை கட்டிவிட்டுப் போன கலயத்தை அவிழ்த்து, பாளையின் நுனியை வெற்றிலைத் தடிமனுக்கும் குறைவாக ஒரு சீவு சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தை மறுபடி கட்டுவார். பிறகு இறங்கி அடுத்த மரம். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது மரம். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளையின் வாய் அடைத்துக்கொள்ளும், வடிவது நின்றுபோகும். அதனால் பருவம் முடியும் வரை அவருக்குக் காய்ச்சல் வந்தாலும் விடுப்பில்லை, வீட்டில் கல்யாணம் என்றாலும் விடுப்பில்லை.

அவர் வேலையாக இருக்கும்போது கூப்பிட வேண்டாம். கீழே இறங்கியதும், "அண்ணாச்சி, பதனி கிடைக்குமா?" என்று கேளுங்கள். பதநீரை எங்கள் பக்கம் பதனி என்றுதான் சொல்வோம், சில ஊர்களில் பயினி. இருந்தால் இல்லை என்று சொல்கிறவரை நான் பார்த்ததில்லை. பன்னாடையில் வடித்து, ஒரு குருத்தோலையை மடக்கிப் பட்டை பிடித்து அதில் ஊற்றுவார். பட்டையை இரண்டு கையாலும் ஏந்தி, ஓலையின் மடிப்பு ஓரத்தில் வாயை வைத்து மெல்லச் சாய்க்க வேண்டும். அவசரப்பட்டால் சட்டையெல்லாம் பதனி. முதலில் சுண்ணாம்பின் வாசம் மூக்கில் ஏறும், அடுத்து இளம் ஓலையின் வாசம், அதன் பிறகுதான் இனிப்பு. நுங்கை வழித்துப் போட்டுக் குடிப்பது ஒரு ருசி, மாங்காய்க் கீற்றுப் போட்டுக் குடிப்பது இன்னொரு ருசி. முதல் பட்டையை எதுவும் போடாமல் குடித்துப் பாருங்கள். தேரிப் பனையின் பதனிக்கும் ஆற்றங்கரைப் பனையின் பதனிக்கும் ருசி வேறு என்று ஏறுகிறவர்கள் சொல்வார்கள். இரண்டையும் அடுத்தடுத்த நாள் குடித்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது நாக்குக்குத் தெரியும்.

எட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் இது முடிந்துவிடும். வெயில் ஏறினால் பதநீர் புளிப்புத் தட்டும். அதற்குள் காய்ச்சக் கொண்டுபோய்விடுவார்கள். பத்து மணிக்குச் சாலையோரத்தில் பிளாஸ்டிக் குடத்தில் விற்பதைக் குடித்துவிட்டு "பதநீர் இவ்வளவுதானா" என்று முகம் சுளிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் குடித்தது நேரம் தப்பிய பதநீர்.

விடிலிக்குள் போய்ப் பாருங்கள், கருப்பட்டியை அங்கேயே வாங்குங்கள். பனங்காட்டுக்குள் ஓலை வேய்ந்து போட்ட குடிசைதான் விடிலி. பருவ காலத்தில் பல குடும்பங்களுக்கு அதுவே வீடு, அதுவே ஆலை. காய்ச்சுவது பெரும்பாலும் பெண்கள். "அக்கா, பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, காற்று வரும் பக்கம் நில்லுங்கள், புகை கண்ணைக் கரிக்கும். காய்ந்த ஓலையும் மட்டையும் போட்டு எரிப்பார்கள். பதநீர் கொதித்து நுரைத்துப் பொங்கி வரும்போது ஆமணக்கு விதையைத் தட்டிப் போட்டால் பொங்கல் சட்டென்று அடங்கும். பிறகு நிறம் மாறும். தேன் நிறம், செம்பு நிறம், கடைசியில் கறுப்பு. துடுப்பால் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, "பதம் வந்துட்டு" என்று இறக்குவார்கள். அடுத்த நிமிடமே சிரட்டைகளில் ஊற்றியாக வேண்டும், தாமதித்தால் பாத்திரத்திலேயே இறுகிவிடும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு, பத்து லிட்டர் பதநீர் ஆகும். அந்தப் பதநீருக்கு எத்தனை மரம் ஏறி இறங்கினார்கள் என்பதை அன்று காலையில்தான் பார்த்திருப்பீர்கள். அதன் பிறகு விலை பேசி அடிக்க உங்களுக்கே மனம் வராது.

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரான்சில் ஒயினுக்கு ஊர்ப் பெயரைச் சட்டத்தால் காக்கும் ஏற்பாடு 1935-லேயே வந்துவிட்டது. அந்தப் பெயரைப் போட்டு வேறு ஊர்ச் சரக்கை விற்க முடியாது என்பதை அங்கே வாங்குகிறவர்களும் கவனிக்கிறார்கள். இங்கே குறியீடு வந்த பிறகும் சீனிப்பாகு கலந்த கருப்பட்டி உடன்குடிப் பெயரில் ஊரெல்லாம் விற்கிறது. உடைத்தால் உள்ளே சீனிப் பரல் போலப் பளபளத்தால் யோசியுங்கள் என்பார்கள் எங்கள் பெரியவர்கள். நல்ல கருப்பட்டி மழைக்காலத்தில் கசியும். அதைக் கெட்டுவிட்டதென்று தூக்கிப் போட வேண்டாம். ஓலைப் பெட்டியில் வைத்து அடுப்புச் சூடு படும் இடத்தில் வையுங்கள். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழிகளைவிட, காய்ச்சும் இடத்தில் வாங்குவதே உறுதியான வழி. காசும் நேராக ஏறினவர் வீட்டுக்குப் போகும். அடுத்த தலைமுறையில் மரம் ஏற ஆளில்லை என்று எல்லோரும் பேசுகிறோம். ஏறுகிறவருக்கு உரிய காசு கிடைத்தால்தானே அவர் பிள்ளை அரிவாள் பெட்டியைக் கையில் எடுப்பான்?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயிலில் ஒருமுறையாவது ஏறுங்கள். செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று ஆற்றின் தென்கரையோடு போகும் பாதை. வயலும் வாழையும் பனையும் மாறி மாறி வருவதைச் சாலையில் இப்படிப் பார்க்க முடியாது. ஸ்ரீவைகுண்டம் நிலையம் தென்கரையில் புதுக்குடியில் இருக்கிறது, ஊர் வடகரையில் இருக்கிறது. இடையே ஆற்றைக் கடக்கும்போது அணைக்கட்டைப் பார்த்துக்கொள்ளலாம். ஆங்கிலேயர் காலத்தில் 19-ம் நூற்றாண்டில் கட்டியது, தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு. இங்கிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு வாய்க்கால் பிரிந்து போய்க் கடைமடைக் குளங்களை நிரப்புகின்றன. கீழே நீங்கள் பார்க்கப்போகும் பச்சையெல்லாம் இந்த இரண்டு வாய்க்காலின் தயவு.

நவதிருப்பதியை இரண்டு காலைகளாகப் பிரியுங்கள். ஒன்பது பெருமாள் கோயில்களும் ஆற்றின் இரு கரைகளிலும் கிடக்கின்றன. வடகரையில் ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளிங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதி. தென்கரையில் தென்திருப்பேரை, திருக்கோளூர், ஆழ்வார்திருநகரி. ஒரே நாளில் ஒன்பதையும் "முடித்துவிட" வேன் வைத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்குக் கடைசியில் ஒரு கோயிலும் நினைவில் நிற்பதில்லை. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், மாலையில்தான் மறுபடி திறக்கும். அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். திருப்புளிங்குடியில் பெருமாள் நெடிய கிடந்த கோலம். திருவடியை உள்ளே நின்று பார்க்க முடியாது, பிராகாரம் சுற்றிவந்து ஒரு சன்னல் வழியாகத்தான் சேவிக்க வேண்டும். அவசரத்தில் வருகிறவர்கள் அதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் சித்திரை 6, ஐப்பசி 6 காலையில் சூரிய ஒளி மூலவர் மேல் விழும். அந்த நாளில் வர முடிந்தால் வாருங்கள். ஆழ்வார்திருநகரி நம்மாழ்வார் அவதரித்த ஊர். அவர் இருந்த புளியமரத்தடியில் சற்று உட்கார்ந்துவிட்டு எழுங்கள்.

ஆதிச்சநல்லூருக்குப் போகுமுன் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். படிக்காமல் போனால் வெறும் செம்மண் பரம்பாகத்தான் தெரியும். 1876-ல் ஜெர்மானியர் யாகோர் இங்கே தோண்டினார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது முதுமக்கள் தாழிகளோடு தங்கப் பட்டங்கள், வெண்கலப் பொருட்கள், இரும்புக் கருவிகள் கிடைத்தன. அவற்றில் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 2004-ல் மறுபடி அகழாய்வு நடந்தது. தாழிகள் இருந்த இடத்திலேயே இருக்க, மேலே கண்ணாடித் தளத்தில் நின்று குனிந்து பார்க்கும்படி 2023-ல் ஒரு அமைப்பைத் திறந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிவகளை. அங்கே கிடைத்த இரும்பின் காலம் பொது ஆண்டுக்கு முன் 3345 வரை போகிறது என்று தமிழ்நாடு தொல்லியல் துறையின் அறிக்கை 2025 ஜனவரியில் வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பிள்ளைகளோடு வருகிறவர்கள் தாழியைக் காட்டிவிட்டு, அதே நாளில் கொற்கைக்கும் கூட்டிப் போங்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊராக இருக்கிறது. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. அடுத்துத் துறைமுகமான காயலுக்கும் பின்னாளில் அதே கதிதான். ஒரு நதி என்னவெல்லாம் செய்யும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஆத்தூரில் கொடிக்கால் பாருங்கள். முக்காணி தாண்டி ஆற்றுப் பாலம் ஏறி இறங்கினால் ஆத்தூர். அகத்தியில் படரவிட்ட வெற்றிலைக் கொடி, உள்ளே போனால் குளிர்ந்த நிழல். 2023-ல் ஆத்தூர் வெற்றிலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு நுழையும் வழக்கமில்லை. கேட்டுவிட்டு, வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போங்கள்.

உப்பளப் பறவைகளுக்கு ஒரு மாலையை ஒதுக்குங்கள். முத்தையாபுரம், முள்ளக்காடு, பழையகாயல் பக்கத்துப் பாத்திகளில் குளிர்காலத்தில் பூநாரைகள் இறங்கும். தொலைநோக்கி கொண்டுவந்தால் வரப்பில் இறங்காமலே பார்த்துவிடலாம். பெருங்குளம் போன்ற குளங்களிலும் ஜனவரியில் நீர்ப்பறவைகள் நிறைய. வெளிமான் பார்க்க ஆசையுள்ளவர்கள் வல்லநாடு சரணாலயத்துக்கு அதிகாலையில் போக வேண்டும்.

மணப்பாட்டில் மாலையைக் கழியுங்கள். 1542-ல் சவேரியார் வந்து தங்கிய குகையும், குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயமும், ஆற்றுக் கழியைக் கடலிலிருந்து பிரிக்கும் நீண்ட மணல் திட்டும் ஒரே இடத்தில். அலைச்சறுக்கு பழகுகிறவர்களும் இங்கே வருகிறார்கள். ஊரில் பெண்கள் பின்னும் ஓலைப் பெட்டிகளைப் பாருங்கள். சாயம் போட்ட குருத்தோலையில் அவர்கள் மூடி போட்டுப் பின்னும் சின்னப் பெட்டி பத்து வருடம் உழைக்கும்.

செய்யக்கூடாதவை

பனையேறியிடம் கள் கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. தடை சரியா தவறா என்று எனக்கும் ஒரு கருத்து உண்டு. விவசாயிகளும் பனைத் தொழிலாளர்களும் தடையை நீக்கக் கேட்டுப் போராடுகிறார்கள், அவர்கள் பக்கம்தான் நான். ஆனால் சட்டம் மாறும் வரை, நீங்கள் விளையாட்டாகக் கேட்கும் ஒரு கலயத்துக்காக வழக்கில் மாட்டுவது அவர், நீங்கள் அல்ல. வெளியூர்க்காரர் கேட்கிறாரே என்று இல்லையென்று சொல்ல முடியாமல் அவர் தவிப்பது பார்க்கக் கஷ்டமாக இருக்கும். சுண்ணாம்பு இட்ட பதநீரைக் குடித்துவிட்டு நிறைவாகப் போங்கள்.

படத்துக்காக மரத்தில் ஏறிப் பார்க்காதீர்கள், ஏறியிருப்பவரைத் திரும்பிப் பார்க்கச் சொல்லாதீர்கள். கருக்கு மட்டை அரிவாளுக்குச் சமம். முப்பது ஆண்டுகள் ஏறியவரே ஒரு கணம் கவனம் தவறி விழுந்து, படுத்த படுக்கையான வீடுகள் எங்கள் பக்கத்தில் உண்டு. கேமரா எடுத்துக்கொண்டு கீழே நின்று "அண்ணாச்சி, இந்தப் பக்கம்!" என்று கூவுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். இறங்கி வந்த பிறகு, கேட்டுவிட்டு எடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் "கருப்பட்டிதானே, ஒன்றும் செய்யாது" என்று நம்ப வேண்டாம். பதநீரிலும் கருப்பட்டியிலும் இருப்பது பெரும்பாலும் சர்க்கரைதான். ருசி பார்க்கலாம், பட்டை பட்டையாகக் குடிக்கக்கூடாது.

ஆற்றில் கண்ட இடத்தில் இறங்காதீர்கள். மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர்போல இருக்கும். மணல் அள்ளிய குழிகள் கீழே இருப்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாது, ஒவ்வொரு கோடையிலும் அதில் உயிர் போகிறது. ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையைக் கேட்டு அங்கே மட்டும் குளியுங்கள். அணைக்கட்டின் கீழ்ப்பகுதியும் புன்னைக்காயல் முகத்துவாரமும் குளிக்கிற இடமே இல்லை. முகத்துவாரத்தில் ஆற்றோட்டமும் கடல் ஓதமும் ஒன்றையொன்று இழுக்கும்.

குளித்த துணியை ஆற்றில் விட்டுவிட்டு வராதீர்கள். பரிகாரம் என்று சொல்லி விடும் வேட்டியும் சேலையும் அமலைச் செடியில் சிக்கி மதகை அடைக்கின்றன. சோப்பு, ஷாம்பு உறைகளும் அப்படியே. தூத்துக்குடி நகரமும் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. முத்தையாபுரத்துக் குழாயில் வருவதும் இதுதான். எங்கள் குடிதண்ணீரில் துணியை விடாதீர்கள் என்று கேட்பதற்கு எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முன்பாதியில் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இங்கே நடந்ததை நாங்கள் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. குளங்கள் உடைந்தன, ஏரல் பாலத்தை ஒட்டிய சாலையை வெள்ளம் கொண்டுபோனது, ஊர்கள் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டன. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கானவர்கள் இரண்டு இரவு சுற்றிலும் தண்ணீரோடு தவித்தார்கள். புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டிலேயே தண்ணீர் நின்ற நிலையிலும் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். இந்த ஊர்க்காரர்கள் உங்களையும் கைவிட மாட்டார்கள். ஆனால் சிவப்பு எச்சரிக்கை அறிவித்த நாளில் சுற்றிப் பார்க்க வந்து அவர்கள் சுமையைக் கூட்டக்கூடாது.

தேரிக்குள் தனியாகவும் உச்சி வெயிலிலும் போகாதீர்கள். இரும்புச் சத்துப் படிந்து சிவந்த மணல், ஆடிக் காற்றில் இடம் மாறிக்கொண்டே இருக்கும். காலையில் நடந்த தடம் மாலையில் இருக்காது, திசை சொல்ல ஒரு குன்று கிடையாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மேடு, ஒரே பனை. வெயில் ஏறினால் மணலில் கால் வைக்க முடியாது. குதிரைமொழித் தேரியின் பெரும்பகுதி காப்புக்காடு, உள்ளே போக வனத்துறையின் அனுமதி வேண்டும். முதல்முறை வருகிறவர்கள் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் வரை போய், தேரிக்கு நடுவே சுனையும் மரங்களும் எப்படி நிற்கின்றன என்று பார்த்துவிட்டு ஒன்பது மணிக்குள் திரும்புவது போதும். மணல் மேட்டில் பைக் ஓட்டிப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்து நீங்களும் இறங்காதீர்கள்; அது பனங்கன்றுகளை மிதித்து நசுக்கும் வேலை.

ஆதிச்சநல்லூரிலோ சிவகளையிலோ கொற்கையிலோ ஒரு ஓட்டாஞ்சில்லைக்கூட எடுக்காதீர்கள். சட்டப்படி குற்றம் என்பது ஒருபக்கம். எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் ஒரு சில்லின் செய்தி இருக்கிறது. உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரிக்குப் போனால் அது ஊமையாகிவிடும்.

"தூத்துக்குடி ஒரிஜினல் முத்து" என்று யாராவது நடைபாதையில் நீட்டினால் வாங்காதீர்கள். இந்தக் கடலில் முத்துக் குளிப்பு 1961-ல் கடைசியாக நடந்தது. 1973-ல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இங்கே செயற்கை முறையில் முத்து விளைவித்தார்கள், அது ஆராய்ச்சிச் சாதனை. கூடையில் வைத்து விற்கும் மணிகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அவர்கள் தொழிலைப் பற்றிக் கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

தீவுக்குப் படகில் கூட்டிப் போகிறேன் என்று யார் சொன்னாலும் ஏறாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான்தீவு, காசுவாரி, விலாங்குசல்லி, காரைச்சல்லி நான்கும் அதில் சேர்த்தி. அனுமதியில்லாமல் காலடி வைக்கக்கூடாது. பவளப்பாறைத் துண்டை எடுப்பதும் வாங்குவதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பெரிய குற்றம். பல சங்கு, சிப்பி வகைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. கரையில் தானாக ஒதுங்கியதுதானே என்ற பதில் செல்லாது. இந்தத் தீவுகளும் பவளத் திட்டுகளும்தான் எங்கள் கரைக்குத் தடுப்பு.

துறைமுகம், அனல்மின் நிலையம், விமான நிலையம், குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வரும் பகுதி எங்கும் டிரோன் பறக்கவிடாதீர்கள். உப்பளப் பறவைகள் மேலும் வேண்டாம். ஒரு நிமிடப் படத்துக்காகக் கூட்டமே கலைந்து எழும்பிவிடும். பாத்தி வரப்பிலும் நடக்காதீர்கள். மண்ணை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்திய வரப்பு உடைந்தால், அந்தத் தொழிலாளர்களுக்குப் பல நாள் வேலை வீண்.

திருவிழா நாள்களில் ஆற்றங்கரைச் சுற்றுலாவைத் திட்டமிடாதீர்கள். வைகாசி விசாகம், கந்த சஷ்டி, குலசை தசரா மூன்றுக்கும் இந்தச் சாலைகள் தாங்காது. திருவிழாவுக்கென்றே வருகிறவர்கள் வாருங்கள், அது வேறொரு பேரனுபவம். அன்று பனங்காட்டுக்கும் கொற்கைக்கும் நேரம் கிடைக்காது. அதேபோல, புன்னைக்காயலிலும் மணப்பாட்டிலும் மீன் இறங்குவதைப் பார்க்க நினைக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று கடலுக்குப் போக மாட்டார்கள், ஊரே ஆலயத்தில் இருக்கும். சனிக்கிழமை விடியலில் பனங்காடு, அதை முடித்துக் கரைக்கு வந்தால் மீன் ஏலம் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே காலையில் அமையும்.